சாம்பல் சமைத்த நகரம்

நேப்பிள்ஸ் நகரின் பழைய வீட்டுச் சுவர் ஒன்றில் கை வைத்தால், சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை உமிழ்ந்த சாம்பலைத் தொடுகிறோம். தேன் நிறம் கொண்ட அந்தக் கல்லைத் தொலைவிலிருந்து யாரும் வண்டியேற்றிக் கொண்டுவரவில்லை. பல இடங்களில், வீடு நிற்கும் மனைக்கு அடியிலேயே வெட்டியெடுத்து மேலே அடுக்கினார்கள். அதனால் இந்த நகரம் தரைக்கு மேலே வளர வளர, தரைக்குக் கீழே இன்னொரு நகரம் வெற்றிடமாக வளர்ந்தது.

இத்தாலிக்குச் செல்லும் நம்மவர்கள் ரோம், வெனிஸ், ஃபிளாரன்ஸ் என்று பார்த்துவிட்டு நேப்பிள்ஸை ஒரு பகல் பொழுதில் கடந்துவிடுகிறார்கள். குறைந்தது மூன்று நாள் தங்க வேண்டிய ஊர் இது. கிழக்கே வெசுவியஸ், மேற்கே காம்பி ஃப்ளெக்ரேய் என்னும் பரந்த எரிமலைப் பள்ளம். இரண்டுக்கும் நடுவில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது நகரம். இங்கே வீட்டின் கல், குடித்த தண்ணீர், விளைந்த தக்காளி எல்லாவற்றிலும் எரிமலையின் கை இருக்கிறது. ஆகவே மூன்று நாளுக்கான உணவையும் வழிகாட்டிச் சுற்றுலாக்களையும் தனித்தனிப் பட்டியல்களாகப் போடாமல், ஒன்றை ஒன்று விளக்கும்படி கோத்துக்கொண்டால் இந்த ஊர் தன்னைத் தானே திறந்து காட்டும்.

முதல் நாள்: தெருவும் தெருவின் அடியும்

காலையில் வழிகாட்டி வேண்டாம், கால்கள் போதும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் இங்கே ‘நேயாபோலிஸ்’ என்ற ஊரை வகுத்தபோது, நீளவாக்கில் மூன்று பெருந்தெருக்களைப் போட்டு, குறுக்கே நிறையச் சந்துகளை வெட்டினார்கள். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தெருக்களில்தான் மக்கள் காய்கறி வாங்குகிறார்கள், துணி உலர்த்துகிறார்கள். ஸ்பாக்கநாப்போலி, வியா தேய் திரிபுனாலி ஆகிய இரண்டும் அந்தப் பெருந்தெருக்களே. சந்துகள் குறுகலாகவும் இருபுறமும் வீடுகள் உயரமாகவும் இருப்பதால், கோடையிலும் நடுப்பகல் சில நிமிடங்கள் தவிர வெயில் தரையைத் தொடுவதில்லை. 1995இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகர்ப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்த நடையைக் காலைச் சிற்றுண்டியோடு தொடங்கலாம். ‘ஸ்ஃபோல்யாத்தெல்லா’ என்பது ரிக்கோட்டா பாலாடையும் ரவையும் ஆரஞ்சுத் தோல் மிட்டாயும் உள்ளே வைத்த இனிப்பு. அடுக்கடுக்காகப் பிரியும் ‘ரிச்சா’ வகையில், மாவை மெல்லிய தாளாக இழுத்துக் கொழுப்புத் தடவிச் சுருட்டுகிறார்கள். அடுப்பில் மாவின் ஈரம் ஆவியாகி அடுக்குகளைப் பிரிக்கிறது. கொழுப்பு அவற்றை மறுபடி ஒட்டவிடாமல் காக்கிறது. சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். ஆறிவிட்டால் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு மொறுமொறுப்பு போய்விடும். அந்தக் கொழுப்பு மரபாகப் பன்றிக் கொழுப்பு என்பதைச் சைவர்கள் தெரிந்துகொண்டு, கடையில் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

பிற்பகலில் வழிகாட்டி தேவை. பூமிக்கடியில் தனியாகப் போக அனுமதியில்லை. அனுமதித்தாலும் பயனில்லை, அங்கே பார்ப்பதை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். சான் கயத்தானோ சதுக்கத்தில் தொடங்கும் நிலத்தடிச் சுற்றுலா சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறது. மேலே வெயில் கொளுத்தினாலும் ஒரு மேல்சட்டை கையில் இருக்கட்டும். சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே பருவகாலத்தின் ஏற்ற இறக்கம் பாறைக்குள் எட்டுவதில்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டிய குளிர்ச்சிதான் அங்கே எப்போதும். ஒரு கட்டத்தில் உடலைப் பக்கவாட்டில் திருப்பி நகர வேண்டிய குறுகல் வழியும் உண்டு. அடைபட்ட இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிட்டால், அந்தப் பகுதியை விட்டு மற்றதைப் பார்க்கலாம்.

அங்கே சுவராக நிற்பது மஞ்சள் டஃப் என்னும் சாம்பல் பாறை. காம்பி ஃப்ளெக்ரேய் பெருவெடிப்பில் வந்து படிந்த சாம்பலில் பெரும்பகுதி கண்ணாடித் துகள். வெப்பமும் ஈரமும் சேர்ந்து அந்தக் கண்ணாடியை மெல்ல மாற்றி, சியோலைட் என்னும் குடும்பத்துக் கனிமங்களாக வளர்த்தன. ஃபிலிப்சைட், சபசைட் என்ற அந்த நுண்படிகங்கள்தான் துகளோடு துகளைப் பிணைத்து, தளர்ந்த சாம்பலைக் கல்லாக்கின. ஆனாலும் கல்லின் கனஅளவில் ஏறத்தாழப் பாதி வெற்றிடம். அதனால்தான் எடை குறைவு, இரும்பு உளியாலேயே வெட்டலாம், வெட்டிய குகையும் இடியாமல் நிற்கும். ஒரு நகரம் தன்னடியில் தானே சுரங்கம் வெட்டி எழ முடிந்ததற்கு இந்தக் கனிமமே காரணம்.

கல் வெட்டிய பள்ளங்கள் பிறகு தண்ணீர்த் தொட்டிகளாயின. துளை நிறைந்த கல்லில் தண்ணீர் நிற்காது என்பதால் உட்சுவர்களுக்குச் சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்த காரை பூசினார்கள். அகஸ்டஸ் காலத்தில், செரீனோ ஊற்றுகளிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கால்வாய் இந்தப் பகுதிக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. ஒவ்வொரு வீட்டு முற்றத்துக் கிணறும் அடியிலிருந்த தொட்டிகளில் இறங்கியது. கிணற்றுச் சுவரில் கால் பதிக்க வெட்டிய குழிகளில் ஏறி இறங்கி, தொட்டிகளைத் துப்புரவாக வைத்திருக்கவே தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்தக் குழிகளை இன்றும் காணலாம்.

இதே வழியில் படையும் வந்திருக்கிறது. கி.பி. 536இல் பைசாந்தியத் தளபதி பெலிசாரியுஸ் நகரை முற்றுகையிட்டார், மதில் அசையவில்லை. தண்ணீர் வெட்டப்பட்டுக் காய்ந்துகிடந்த கால்வாய்க்குள் ஆவலினால் நுழைந்து பார்த்த ஒரு வீரன், ஓரிடத்தில் மட்டும் பாறை குறுகியிருப்பதைக் கண்டு சொன்னான். தட்டினால் ஓசை எழும் என்று அந்தப் பாறையைச் சுரண்டியே அகலப்படுத்தியதாக, அப்போது உடனிருந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ் எழுதியிருக்கிறார். அந்த வழியே நூற்றுக்கணக்கானோர் இரவில் நகருக்குள் ஏறினார்கள். சுரண்டினாலே வழிவிடும் கல் எது என்பதை அந்தக் குகைக்குள் நின்று கேட்கும்போது, வரலாறும் கனிமவியலும் ஒரே பாடமாகிவிடுகின்றன.

வரமாயிருந்த அந்தத் துளைகளே பின்னாளில் வினையாயின. மக்கள் பெருகக் கழிவுநீர் கசிந்து குடிநீரில் கலந்தது. 1884இல் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அடுத்த ஆண்டே செரீனோ ஊற்றுகளிலிருந்து மூடிய குழாய்களில் அழுத்தத்தோடு தண்ணீர் வந்தது. பழைய தொட்டிகள் கைவிடப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்தபோது, மக்கள் அதே தொட்டிகளுக்குள் இறங்கி உயிர் பிழைத்தார்கள்.

இரவு உணவு: ஒன்றரை நிமிடத்துப் பௌதிகம்

குகையிலிருந்து ஏறி வந்த அன்றிரவே பீட்சா சாப்பிடுங்கள். நேப்பிள்ஸ் பீட்சா தட்டுபவர்களின் கலையை 2017இல் யுனெஸ்கோ மானுடத்தின் அருவப் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் என நான்கே பொருள்கள். மணிக்கணக்கில் புளிக்கவைத்த மாவைக் கையால் மட்டும் விரிக்கிறார்கள்; நடுவிலிருந்து காற்று ஓரத்துக்குப் போய், அங்கே தடித்த விளிம்பாக எழும்புகிறது. விறகடுப்பில் வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி.

அடுப்பின் வெப்பம் ஏறக்குறைய 430 முதல் 485 டிகிரி செல்சியஸ். நம் வீட்டு மின்அடுப்பு 250 டிகிரியைத் தாண்டுவது அரிது. வித்தியாசம் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். ஆனால் மேற்கூரையிலிருந்து வரும் கதிர்வீச்சு, தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கேற்ப ஏறுகிறது. கணக்குப் போட்டால் 485 டிகிரிக் கூரை, 250 டிகிரிக் கூரையைவிட நான்கு மடங்குக்கும் மேலான வெப்பத்தைக் கொட்டுகிறது. மேற்பரப்பு நொடியில் சிவந்துவிடுகிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற நேரமே இல்லை. விளிம்பு வெளியே கருகிய புள்ளிகளோடும் உள்ளே பஞ்சு போலவும் இருப்பது இதனால்தான்.

இவ்வளவு சூட்டில் அடிப்பாகம் ஏன் கரியாவதில்லை? அந்தச் சூட்டுக்கு ஏற்றிய இரும்புத் தோசைக்கல்லில் மாவை வைத்தால் நொடிகளில் தீய்ந்துவிடும். இரும்பு தன்னிடமுள்ள வெப்பத்தை உடனே தந்துவிடும். பீட்சா அடுப்பின் தரையோ நுண்துளைகள் நிறைந்த சுட்ட மண் ஓடு. அது வெப்பத்தை நிறையச் சேர்த்து வைத்திருந்தாலும் நிதானமாகவே விட்டுக்கொடுக்கும். அதனால் மேலும் கீழும் ஒரே நேரத்தில் வெந்து முடிகின்றன. ஆந்திரே வார்லமோவ், ஆந்திரியாஸ் கிளாட்ஸ் என்ற இரு இயற்பியலாளர்கள் உணவு மானுடவியலாளர் ஒருவரோடு சேர்ந்து இந்தக் கணக்கை விரிவாகப் போட்டு, செங்கல் அடுப்புக்கு ஈடாக எஃகு அடுப்பு ஏன் வராது என்பதைக் காட்டியிருக்கிறார்கள்.

எதைக் கேட்பது? ‘மரினாரா’ என்பது தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும் சேர்த்தது. பெயர் கடலைச் சொன்னாலும் மீன் கிடையாது, பாலாடைக்கட்டியும் கிடையாது. முழுச் சைவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உணவு ஐரோப்பாவில் குறைவு. ‘மர்கரீத்தா’வில் மொட்சரெல்லா சேரும்; அதைத் திரிக்கப் பெரும்பாலும் கன்றின் வயிற்று நொதியைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அறிந்து முடிவு செய்யலாம். பொரித்த பீட்சாவுக்குள் பன்றி இறைச்சித் துணுக்குகள் இருப்பது வழக்கம். பெயர்பெற்ற கடைகளில் எட்டு மணிக்கு மேல் கூட்டம் நெரியும். கதவு திறக்கும் நேரமான ஏழு, ஏழரைக்கே போய் நின்றால் அடுப்பின் வேலையையும் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

இரண்டாம் நாள்: தக்காளி இல்லாத பொம்பெய்

பொம்பெய்க்கு உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாளொன்றுக்கு 20,000 பேர் என்ற வரம்பும், பார்வையாளர் பெயர் பொறித்த சீட்டும் இப்போது நடைமுறையில் இருப்பதால் முன்பதிவு அவசியம். காலை ஒன்பது மணிக்கே வாசலில் இருங்கள். அகழ்ந்த பரப்பில் நிழல் குறைவு. பாட்டிலைக் கொண்டுபோனால் ஆங்காங்கே குடிநீர்க் குழாய்கள் உண்டு.

இங்கே முதல் இரண்டு மணி நேரத்துக்கு அரசு உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது நல்லது. பிறகு தனியாகச் சுற்றலாம். கூரையில்லாத சுவர்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும்போது எது கடை, எது வீடு, எது சலவைக்கூடம் என்று பழகாத கண்ணுக்குத் தெரியாது. வழிகாட்டியிடம் குறிப்பிட்டுக் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: “இவர்கள் எங்கே, எதைச் சாப்பிட்டார்கள் என்று காட்டுங்கள்.”

கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது முதலில் மணிக்கணக்கில் நுரைக்கல் மழை பெய்து கூரைகளை இடித்தது. மறுநாள் காலை, சாம்பலும் கொதிக்கும் வளியும் கலந்த ஓட்டங்கள் தரையோடு பாய்ந்து வந்து எஞ்சியவர்களைக் கொன்றன. அந்தக் கொடுமையே காற்றும் ஈரமும் புகாத மூடியாகி உணவையும் காத்தது. மொதெஸ்துஸ் என்பவருடையதாகச் சொல்லப்படும் ரொட்டிக்கூடத்து அடுப்புக்குள், 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே கிடைத்தன. வட்டமான ரொட்டி, எளிதில் பிய்க்க வெட்டுக் கோடுகளோடு. குவிமாடம் கொண்ட அந்த அடுப்பைப் பாருங்கள். முந்தின இரவு பார்த்த அடுப்பின் மூதாதை. பக்கத்திலேயே எரிமலைப் பாறையில் செய்த பெரிய திரிகைகள் நிற்கின்றன. லாவாவில் உறைந்த குமிழ்கள் கல் தேயத் தேயப் புதுப்புது விளிம்புகளாகத் திறந்துகொண்டே இருப்பதால், திரிகை தன் கூர்மையைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது.

2020இல் முழுமையாக அகழ்ந்து காட்டிய ஓர் உணவுக்கடையில், மேடையில் பதித்த மண்தாழிகளுக்குள் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. மேடையின் முகப்பில் வாத்தின் படமும் சேவலின் படமும் வண்ணத்தில் இருக்கின்றன. எங்கு தேடினாலும் தக்காளி மட்டும் இருக்காது. அது அமெரிக்காவின் செடி. 1690களில் அந்தோனியோ லத்தீனி என்பவர் நேப்பிள்ஸில் வெளியிட்ட சமையல் நூலில்தான், இத்தாலியில் அச்சான பழைய தக்காளிச் சாறு செய்முறை ஒன்றைப் பார்க்கிறோம்.

பிறகு ஏன் அந்தச் செடி இந்த மண்ணை இவ்வளவு சொந்தமாக்கிக்கொண்டது? விடை மறுபடியும் சாம்பலில் இருக்கிறது. வெசுவியஸின் பாறைகள் பொட்டாசியம் செறிந்தவை. பொட்டாசியம் குறைந்தால் தக்காளி ஒரே சீராகப் பழுக்காது, காம்புப்பக்கம் மஞ்சளாகவே நின்றுவிடும்; போதிய அளவு கிடைத்தால் சிவப்பு நிறமியான லைக்கோபீன் நன்றாகத் திரளும், புளிப்பும் கூடும். மேலும் சாம்பல் சிதைந்து உருவான மண், மழைநீரைத் தன் நுண்துளைகளில் பிடித்து வைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கிறது. மலைச்சரிவில் விளையும் ‘பியென்னொலோ’ என்ற சிறு தக்காளியை அதிகம் நீர் பாய்ச்சாமலே வளர்க்கிறார்கள். தோல் தடிமனாக இருப்பதால், கொத்தாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் குளிர்காலம் முழுவதும் கெடாது. அன்றிரவு உணவுக்கு இந்தத் தக்காளி போட்ட ஸ்பகெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பகலில் நடந்த மலையடிவாரத்தின் மண்தான் தட்டில் வந்திருக்கிறது.

நேரம் மிஞ்சினால் மாலையில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். பொம்பெய்யின் சிறந்த ஓவியங்களும் மொசைக்குகளும் கரியான ரொட்டியும் அங்கேதான் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதைப் பயணத் தேதி குறிக்கும்போதே நினைவில் வையுங்கள்.

மூன்றாம் நாள்: மூச்சு விடும் நிலம்

கடைசி நாள் மேற்கே, பொட்சுவோலி துறைமுகத்துக்கு. ரயிலில் அரை மணி நேரப் பயணம். ஊர் நடுவே ரோமானியர்களின் உணவுச் சந்தை ஒன்றின் இடிபாடு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அகழ்ந்தபோது செராப்பிஸ் தெய்வத்தின் சிலை கிடைத்ததால் கோயில் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அங்கே உயர்ந்து நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களில், ஆளுயரத்துக்கு மேலே ஒரு பட்டை மட்டும் அரித்ததுபோல் துளை துளையாக இருக்கும். அவை கல் துளைக்கும் கடற்சிப்பிகள் குடைந்த ஓட்டைகள். கடல் உயிர், அத்தனை உயரத்தில் எப்படி ஏறியது?

சிப்பி ஏறவில்லை, தூண் இறங்கியது. சந்தை கட்டப்பட்ட பிறகு நிலம் மெல்லக் கடலுக்குள் தாழ்ந்தது. தூண்களின் அடிப்பாகம் வண்டலில் புதைந்து தப்பியது. வண்டலுக்கு மேலே நீரில் நின்ற பகுதியைச் சிப்பிகள் குடைந்தன. பிறகு நிலம் மறுபடி எழும்பி, துளைகளை வெயிலுக்குக் கொண்டுவந்தது. இவ்வளவும் நடந்தும் தூண்கள் சாயவில்லை. பூமி ஓசையின்றி இப்படி மெதுவாக ஏறி இறங்கும் என்பதற்குச் சான்றாக, புவியியலாளர் சார்லஸ் லயெல் 1830இல் வெளியான தம் பெருநூலின் முகப்பிலேயே இந்தத் தூண்களின் படத்தைப் போட்டார். இந்த இடத்தைச் சுற்றியுள்ள தெருவிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம்.

அந்த ஏற்ற இறக்கம் முடிந்துபோன கதையன்று. நிலத்தடியில் வாயுவும் வெந்நீரும் மாக்மாவும் தரும் அழுத்தம் மாறுவதால் தரை உயர்கிறது, தாழ்கிறது. 1538இல் அப்படி உயர்ந்த பின் வெடித்து, ஒரு வாரத்தில் ஒரு புது மலையே முளைத்தது. 1982 முதல் 1984 வரை ஊர் ஏறக்குறைய 1.8 மீட்டர் எழும்பியது. 2005க்குப் பிறகு மறுபடி ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. 1841இல் தொடங்கிய வெசுவியஸ் ஆய்வகம், உலகின் மிகப் பழைய எரிமலை ஆய்வகம், ஒவ்வொரு அசைவையும் அளந்துகொண்டிருக்கிறது. சிறு நிலநடுக்கங்கள் அடிக்கடி வருவதால் புறப்படும் முன் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்ப்பதும், சுற்றுலா தடைப்பட்டால் மாற்று யோசனை வைத்திருப்பதும் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

இங்கே வழிகாட்டியோடு போக வேண்டிய இடம், பக்கத்து ஊரான பாயியாவின் கடலடித் தொல்லியல் பூங்கா. தாழ்ந்த நிலத்தோடு மூழ்கிய ரோமானிய மாளிகைகளின் மொசைக் தரைகளை, அடியில் கண்ணாடி பதித்த படகிலிருந்தோ நீரில் மிதந்தோ காணலாம். ரோமானியர்கள் இந்தக் கரையின் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து, கடல்நீருக்குள்ளேயே இறுகும் காங்கிரீட் செய்தார்கள். நூற்றாண்டுகளாகக் கடல்நீர் ஊறியதில் அந்தக் காங்கிரீட்டுக்குள் புதுப் படிகங்கள் வளர்ந்து, அதற்கு உறுதி கூட்டியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று ஃபிலிப்சைட். முதல் நாள் குகைச் சுவரில் சாம்பலைக் கல்லாக்கிய அதே கனிமம், மனிதர் செய்த கல்லுக்குள்ளும் முளைத்திருக்கிறது.

இந்தத் துறைமுகத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு தனி உறவும் உண்டு. ரோமுக்குக் கீழ்த்திசைப் பண்டங்கள் வந்து இறங்கிய பெருந்துறை நெடுங்காலம் இதுதான். சேர நாட்டு முசிறியைத் தம் நூலில் குறிப்பிட்டு, மிளகுக்கு ரோமானியர் காட்டிய ஆசையைக் கண்டு வியந்த மூத்த பிளினி, எதிரே தெரியும் மிசேனும் கடற்படைத் தளத்தின் தலைவர். வெசுவியஸ் வெடித்தபோது மக்களைக் காக்கக் கப்பல் எடுத்துப் போய் உயிர்விட்டவரும் அவரே. மறுதிசையில் மது வந்தது. கேரளத்தின் பட்டணம் அகழாய்வில் கிடைத்த ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளில் கருமணல் போன்ற எரிமலைக் கனிமங்கள் இருக்கின்றன. அவை எந்தக் கரையில் வனைந்தவை என்பதை அந்தக் கரும்பொட்டுகளே ஆய்வாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தன. வெசுவியஸின் சாம்பல் நம் கடற்கரை வரைக்கும் வந்திருக்கிறது.

மதிய உணவு துறைமுகத்தை ஒட்டிய கடைகளில். மீன் உண்பவர்களுக்கு மட்டி போட்ட ஸ்பகெட்டி. மற்றவர்களுக்குக் கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த பாஸ்தா. ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் போய்விட வேண்டும்; அதன் பிறகு சமையற்கட்டை மூடிவிடுவார்கள். கட்டணச் சீட்டில் ‘கோப்பெர்த்தோ’ என்று ஒரு சிறு தொகை இருக்கும். அது உட்கார்ந்து உண்பதற்கான வழக்கமான கட்டணம்.

கோக்கும் நூல்

பழைய ஊர் எதுவானாலும் குறுகிய பயணத்துக்கு இந்த முறை பொருந்தும். முதலில், இந்த ஊர் எந்தக் கல்லால் ஆனது, எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று இரண்டு கேள்விகளைக் கேட்டு ஒரு மணி நேரம் படியுங்கள். கண்ணால் மட்டும் படிக்க முடியாத இடங்களுக்கு மட்டும் வழிகாட்டியை வையுங்கள். நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், கேட்டது மனத்தில் படிய நேரம் வேண்டும். அன்று கற்றதோடு உறவுள்ள ஓர் உணவை அன்றே சாப்பிடுங்கள். பார்த்த இடங்களின் எண்ணிக்கை இப்படிப் பாதியாகக் குறையும். அதற்கு ஈடாக, எரிமலை அருகில் சுமார் 30 லட்சம் பேர் இன்றும் ஏன் வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும்: அழித்த அதே சாம்பல்தான் அவர்களுக்கு வீடும் கிணறும் வயலும் ஆயிற்று.